ரீச்சரைப் பார்த்துச் சிரிக்கிறவைக்கு

இரண்டு நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். நேற்றிரவு ஒருவர், ரீச்சர் தான் ஏமாந்ததைச் சொன்ன குரல் பதிவைத் தூக்கி ஊர்க் குரூப்பில் போட்டு, "படிச்ச மனுசிக்குப் புத்தி எங்க போனது?" என்று எழுதியிருந்தார். கீழே பதினேழு பேர் ஹாஹா போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். ஆறு பேர் ரீச்சரிடம் படித்தவர்கள். நானும் அவரிடம் படித்தவள்தான். இனிப் பொறுக்க ஏலாது.

நடந்தது உங்களுக்குத் தெரியும், முழுக்க விரிக்கப் போவதில்லை. பெந்தோட்டையில் இரண்டு இரவு, இரண்டு பேருக்கும் சாப்பாட்டோடு 7,500 ரூபாய் என்று கோல் வந்தது. அதற்கு முதல் கொழும்பில் ஒரு ஹோட்டலில் ஒன்றரை மணித்தியாலம் "ஒரு சின்ன விளக்கம்" கேட்க வேண்டுமாம். ரீச்சரும் அவரின் கணவர் மாஸ்டரும் இரவு ரயிலில் போனார்கள். பின்னேரம் வெளியில் வந்தபோது ஒரு டைம்ஷெயர் ஒப்பந்தத்துக்கு, அதாவது விடுமுறை அறையில் வருசா வருசம் சில நாள் தங்குகிற உரிமைக்கு, கார்டில் 285,000 ரூபாய் போயிருந்தது.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். தெரியாத நம்பரில் இருந்து யாராவது மலிவு விடுமுறை பற்றிக் கதைக்கத் தொடங்கினால் போனை வையுங்கோ. விலை விசாரிக்க வேண்டாம். எந்த ஹோட்டல் என்று கேட்க வேண்டாம். "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்றுகூடச் சொல்ல வேண்டாம், யோசிக்கிற ஆள் என்று குறித்துக்கொண்டு நாளைக்கும் எடுப்பார்கள். வையுங்கோ.

திருகோணமலை நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ஒன்பது வருசம் ரிசப்ஷனில் நின்றவள் நான். மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் அறை கேட்டு வருகிற சனத்துக்கு இல்லை என்று சொல்லியே வாய் நோகும். கார்த்திகை, மார்கழி மழையில் அறைகள் சும்மா கிடக்கும், புறாமலைத் தீவுக்குப் படகும் ஓடாது, அப்போது விலையைக் குறைப்போம். குறைத்த விலையை ஏஜென்டுகளுக்குச் சொல்வோம், இணையத்தில் போடுவோம். லிங்கநகரில் இருக்கிற ஒரு பென்ஷன்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்து, உங்களுக்கு மட்டும் என்று எந்த ஹோட்டலும் கோல் எடுத்ததை நான் காணவில்லை. ஒரு அறைக்கு விரிப்புத் தோய்க்க வேண்டும், கரண்ட் வேண்டும், தண்ணீர் வேண்டும், துடைக்கிற பிள்ளைக்குச் சம்பளம் வேண்டும். இரண்டு பேர் இரண்டு நாள் சாப்பிட வேண்டும். 7,500 ரூபாய் எந்த மூலைக்குக் காணும்? மிச்சத்தை யாரோ கட்டுகிறார்கள். கட்டுகிறவர் அதை அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் உங்களிடம் எடுக்கத்தான் கட்டுகிறார்.

அந்த ஒன்றரை மணித்தியாலம் நாலரை மணித்தியாலமானது. ரீச்சர் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. பெரிய மண்டபம், சத்தமாகப் பாட்டு, சின்னச் சின்ன மேசைகள், மேசைக்கு ஒரு குடும்பம். முதலில் வந்த பொடியன் விலை கதைக்கவே இல்லை. பிள்ளைகள் எங்கே, இதுவரை எங்கெங்கே போயிருக்கிறீர்கள், போக ஆசைப்பட்ட இடம் எது என்று கேட்டு எழுதிக்கொண்டான். பிறகு இன்னொருவர் வந்து, அந்த ஆசைகளை ஒவ்வொன்றாக எடுத்து விலையோடு சேர்த்தார். மூன்றாவதாக மெனேஜர் என்று ஒருவர் வந்து விலையைப் பாதியாக வெட்டினார், இன்றைக்கு மட்டும் என்று. அங்கால் மேசையில் யாரோ கையெழுத்து வைத்ததும் மணி அடித்து எல்லாரையும் கைதட்ட வைத்தார்களாம். மாஸ்டருக்குச் சீனி வருத்தம். இரண்டு மணியாகியும் பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும், இதை முடித்துக்கொண்டு போனால் காணும் என்று ரீச்சர் பேனையை எடுத்திருக்கிறார்.

கணவனும் மனைவியும் கட்டாயம் சேர்ந்து வரவேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? "வீட்டுக்காரரிட்ட கேட்டுச் சொல்லுறன்" என்று எழும்பிப் போகக்கூடாது என்பதற்காக. அந்த ஒரு வசனம் எத்தனை பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது! அதை வாசலிலேயே பறித்து வைத்துவிடுகிறார்கள்.

என் அக்கா லண்டனில் இருக்கிறாள். 2003இல் அவளுக்கும் இப்படித்தான் ஒரு கோல், ஸ்பெயினின் ரெனரீஃப் தீவில் ஒரு கிழமை, விமான ரிக்கெட் காசுக்கும் குறைவாக. இரண்டு வேலை செய்து மிச்சம் பிடித்த 4,600 பவுணைக் கட்டி ஒரு விடுமுறைக் கிளப்பில் சேர்ந்தாள். ஒப்பந்தம் 35 மாதத்துக்கு. ஏன் 35 என்று அவளும் கேட்கவில்லை, அத்தானும் கேட்கவில்லை. ஐரோப்பாவில் 1994இல் டைம்ஷெயருக்கென்று வந்த சட்டம் 3 வருசமும் அதற்கு மேலும் போகிற ஒப்பந்தங்களுக்குத்தான் பொருந்தியது. 3 வருசம் என்றால் 36 மாதம். ஒரு மாதத்தைக் குறைத்தால் மனம் மாறிக் காசைத் திருப்பிக் கேட்கிற உரிமை வாங்கினவருக்கு இருக்கவில்லை. இப்படிக் கணக்குப் பார்த்து ஒரு வியாபாரம் நடந்திருக்கிறது! அந்த ஓட்டையை அடைக்க 2009 தொடக்கத்தில் புதுச் சட்டம் கொண்டுவந்து, 2011இல்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. இப்போது 14 நாளுக்குள் மனம் மாறலாம், அந்த 14 நாளும் ஒரு சதம் வாங்கக்கூடாது, கூப்பிடும்போதே இது விற்பனைக் கூட்டம் என்று சொல்ல வேண்டும். ரீச்சருக்கு வந்த கோலில் விற்பனை என்ற சொல்லே வரவில்லை.

அக்காவின் கதை அதோடும் முடியவில்லை. இரண்டு வருசம் கழித்து இன்னொரு கோல். "நீங்கள் ஏமாந்தது எங்களுக்குத் தெரியும், காசை மீட்டுத் தாறம், வேலை தொடங்க முதல் 900 பவுண் கட்டுங்கோ." கட்டினாள். ஏமாந்தவர்களின் நம்பர் கைமாறுகிறது. ரீச்சருக்கும் இனி அந்தக் கோல் வரும் என்று பயந்துகொண்டிருக்கிறேன், அவரிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன். காசை மீட்டுத் தருகிறோம் என்று தானாக எடுத்தால் அதையும் வையுங்கோ.

டைம்ஷெயர் எல்லாமே களவா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு கட்டடத்தைக் கிழமை கிழமையாகப் பிரித்து விற்கிற யோசனை அறுபதுகளில் ஐரோப்பாவில் தொடங்கியது, வருசா வருசம் போய்ச் சந்தோசமாக இருந்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். அவர்கள் தாங்களாகத் தேடிப் போய், வாசித்து, ஒரு மாதம் யோசித்து வாங்கட்டும். நான் கதைப்பது தேடி வருகிற கோலைப் பற்றி.

கோல் எடுக்கிற பிள்ளைகளுக்கும் வயிறு இருக்கிறதே என்று தங்கச்சி முறையான ஒருத்தி எழுதியிருந்தாள். அது எனக்கு உறைத்தது, மறைக்கவில்லை. ரீச்சரும் இதைத்தான் சொன்னார். "அம்மா அம்மா எண்டு வடிவாக் கதைச்சுது. களைச்சுப்போன குரல். எங்கட பக்கத்துப் பிள்ளை மாதிரி இருந்தது. வெட்டிவிட மனம் வரேல்ல." அந்த இரக்கத்துக்குத்தான் விலை 285,000. எத்தனை பேரைக் கொழும்புக்கு அனுப்புகிறதோ அவ்வளவுதான் அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் என்றால், நீங்கள் ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதால் அதற்கும் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. உடனே வைத்தால் அதன் ஐந்து நிமிடமாவது மிஞ்சும். எங்களை மரியாதையாக வளர்த்திருக்கிறார்கள், பெரியவர் கதைக்கும்போது இடையில் வெட்டக்கூடாது என்று. அந்த வளர்ப்பில்தான் கை வைக்கிறார்கள்.

இன்னொருவர், ஹோட்டலில் உழைத்துச் சாப்பிட்டவளே ஹோட்டல்காரரைப் பற்றி எழுதலாமா, ஊருக்கு வருகிற சனத்தையும் பயப்படுத்துகிறாயே என்கிறார். அண்ணன், இது எனக்கு நோகிறது. என் இரண்டு பிள்ளைகளும் அந்த ரிசப்ஷன் சம்பளத்தில் வளர்ந்தவர்கள். உப்புவெளியில் நாலு அறை கட்டிக் கடனோடு காத்திருக்கிற எத்தனை பேரை எனக்குத் தெரியும். சீசன் தொடங்க முதல் அவர்கள் பழைய வாடிக்கையாளருக்கு உண்மையாகவே விலை குறைத்துக் கோல் எடுத்தால், இனி யார் நம்பப்போகிறார்கள்? அவர்களின் பெயரையும் சேர்த்துத்தான் கெடுத்தது அந்தக் கோல். நான் எழுதியதால் கெட்டது என்று சொல்லாதீர்கள்.

சிரிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ரீச்சரும் மாஸ்டரும் ஒரு விடுமுறைக்கு ஆசைப்பட்டது பேராசையா? கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனால் ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்பார்கள். வெள்ளைக்காரர் விமானம் ஏறி வந்து படுக்கிற கடற்கரையில் ஒரு இரவு அறை எடுத்துத் தங்கியதில்லை. கலியாணம் முடித்த நாளில் இருந்து அவர்கள் வீட்டை விட்டுப் போய்த் தங்கியது 1990 சண்டையில் இடம்பெயர்ந்தபோது, கையில் ஒரு பையோடு. அதை விடுமுறை என்று சொல்வீர்களா? எழுபது வயது தாண்டி, ஒரு முறை, தாங்களாக விரும்பி, யாரும் துரத்தாமல் ஒரு இடத்தில் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பைத்தான் அந்தப் பொடியன் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டான். அதைத்தான் நீங்கள் ஹாஹா என்கிறீர்கள்.

ஞாயிறு பின்னேரம் போயிருந்தேன். பழுப்பு நிறக் கோப்பு ஒன்றை மடியில் வைத்திருந்தார். பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். திரும்பி வந்த இரவே பென்சிலும் அகராதியும் எடுத்து ஒவ்வொரு பக்கமாக வாசித்திருக்கிறார். கஷ்டமான சொல்லுக்கெல்லாம் கீழே கோடு, ஓரத்தில் தமிழில் கருத்து, எங்களுக்குப் பாடம் சொல்லித்தந்த அதே எழுத்து. "நொன் ரிஃபண்டபிள்" என்ற இடத்தில் "திருப்பித் தரப்படமாட்டாது" என்று எழுதி இரண்டு கோடு. வருசாந்தப் பராமரிப்புக் கட்டணம் 32,000, அதைக் கூட்டுகிற உரிமை கம்பனிக்கு என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி. ஒப்பந்தக் காலம் 25 வருசம் என்ற வரிக்கு நேரே வேறொன்றும் இல்லை, 96 என்று ஒரு இலக்கம் மட்டும். மாஸ்டருக்கு இப்போது 71.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கதைத்துவிட்டோம். முறைப்பாடு எழுத்தில் கொடுக்க வேண்டும், 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 மாதத்துக்குள். ரீச்சர் முதலில் வேண்டாம் என்றார், ஊருக்குள் இன்னும் தெரியவரும் என்று. உங்கள் சிரிப்புக்குப் பயந்துதான் வேண்டாம் என்றார். இப்போது சம்மதித்துவிட்டார், நாளைக்குப் பின்னேரம் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதப்போகிறோம். அதே பழுப்புக் கோப்பு உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒளித்துக் கிடந்தால் எடுத்துக்கொண்டு வாங்கோ, சேர்த்து எழுதுவோம். சிங்களத்தில் வடிவாக எழுதக்கூடிய யாராவது ஒருவர் வந்தால் பெரிய உதவி.