டிசம்பருக்கு ஆகாது

(மதுரையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடை. கம்ப்யூட்டர் முன்னால் முதலாளி கதிரேசன். குரூப் ஃபோர் தேர்வுக்கு வருடக்கணக்கில் படித்துக்கொண்டே இருக்கும் பாண்டி, பென்டிரைவோடு உள்ளே வருகிறான்.)

பாண்டி: அண்ணே, பத்துக்கு எட்டு அளவில் ஒரு பேனர். எங்கள் வார்டு அண்ணனுக்குப் பிறந்தநாள். போட்டோ இதில் இருக்கிறது.

கதிரேசன்: தேதி?

பாண்டி: டிசம்பர் 24.

கதிரேசன்: (மவுஸிலிருந்து கையை எடுத்து) ஜனவரிக்குத் தள்ள முடியாதா?

பாண்டி: பிறந்தநாளையா?

கதிரேசன்: டிசம்பர் தலைவர்களுக்கு ஆகாது தம்பி. அதிலும் 24! பெரியார் இறந்தது 1973 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர்., 1987 டிசம்பர் 24. முந்தின நாள் 23, நரசிம்ம ராவ், 2004. அடுத்த நாள் 25, ராஜாஜி, 1972. அதற்கடுத்த 26, மன்மோகன் சிங், 2024. ரம்மியில் இந்த வரிசை வந்திருந்தால் இந்நேரம் சீட்டைக் கவிழ்த்திருப்பேன்.

பாண்டி: அவர்களெல்லாம் பெரிய தலைவர்கள் அண்ணே. இவர் போன தேர்தலில் டெபாசிட் இழந்தவர்.

கதிரேசன்: எந்த மாதம்?

பாண்டி: பிப்ரவரி.

கதிரேசன்: அதனால்தான் டெபாசிட்டோடு போயிற்று.

பாண்டி: சரி, டிசம்பருக்கு அப்படி என்ன கோளாறு?

கதிரேசன்: மார்கழி! கல்யாணம் உண்டா? கிரகப்பிரவேசம் உண்டா? நல்ல காரியம் எதையுமே வைக்காத மாதத்தில் நீ பேனர் வைக்கிறேன் என்கிறாய்.

பாண்டி: பெரியார் மார்கழியெல்லாம் பார்க்காதவர்.

கதிரேசன்: பார்க்காதவரையே விடவில்லை. உங்கள் அண்ணன் ராகுகாலம் பார்த்துத்தான் பல் விளக்குகிறார் என்று ஊரே சொல்கிறது.

பாண்டி: ஜெயலலிதா இறந்தது டிசம்பர் 5. அது கார்த்திகை அண்ணே.

கதிரேசன்: டிசம்பர்தானே?

பாண்டி: அப்படியென்றால் உங்கள் கணக்கு மார்கழியா, டிசம்பரா?

கதிரேசன்: மார்கழியில் வந்தால் மார்கழி. வராவிட்டால் டிசம்பர். அம்பேத்கர் டிசம்பர் 6, படேல் டிசம்பர் 15. அவர்களையும் கார்த்திகை என்று ஒதுக்கிவிடாதே.

பாண்டி: நவம்பரில் இறந்தால்?

கதிரேசன்: தேதியைப் பார்க்கணும்.

பாண்டி: வி.பி. சிங், 2008 நவம்பர் 27. குஜ்ரால், 2012 நவம்பர் 30.

கதிரேசன்: அடடா, குஜ்ராலுக்கு ஒரு ராத்திரிதான் மிச்சம்! அதையும் இந்தப் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

பாண்டி: சேர்த்துக்கொள்ளக் கூடாது அண்ணே! ராஜாஜிக்கு 94 வயது. பெரியாருக்கும் 94. மன்மோகன் சிங்குக்கு 92. அந்த வயதில் எந்த மாதத்தில் போனாலும் மாதத்தின் மேல் பழி போடலாம். டெல்லிக் குளிர் வேறு. வயதானவர்களுக்கு மூச்சுக்கும் இதயத்துக்கும் டிசம்பர் குளிர் ஆகாது.

கதிரேசன்: ஆகாது என்றுதானே நானும் காலையிலிருந்து சொல்கிறேன்!

(பாண்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறான். படித்த படிப்பு இன்றைக்காவது பயன்படட்டும் என்ற முடிவோடு.)

பாண்டி: முறையாகக் கணக்குப் பார்ப்போம். இதுவரை இறந்த பிரதமர்கள், இடைக்காலத்தில் இருந்த நந்தாவையும் சேர்த்து 13 பேர். ஜனாதிபதிகள் 12 பேர். மொத்தம் 25. மாதம் பன்னிரண்டுதான். யார் எப்படிப் போனாலும் ஏதாவது ஒரு மாதத்தில் மூன்று பேராவது விழுந்தே ஆகணும்.

கதிரேசன்: டிசம்பரில் எத்தனை பேர்?

பாண்டி: நாலு. ராவ், மன்மோகன், ஜெயில் சிங், சங்கர் தயாள் சர்மா. இதில் ஜெயில் சிங் கார் விபத்தில் அடிபட்டதே நவம்பர் கடைசியில்.

கதிரேசன்: நவம்பரில் அடிபட்டவரை டிசம்பர் 25 வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது பார்.

பாண்டி: கேளுங்கள். மே மாதத்திலும் நாலு பேர். நேரு, ராஜீவ் காந்தி, சரண் சிங், ஜாகிர் உசேன். டிசம்பருக்கும் மேக்கும் சரிக்குச் சரி.

கதிரேசன்: (பதறி) மே மாதத்தை விட்டுவிடு தம்பி. அது எனக்குக் கல்யாண பேனர் சீசன்.

பாண்டி: நாலுக்கு நாலு. டிசம்பர் மட்டும் ஆகாதா?

கதிரேசன்: ஜாகிர் உசேன் என்ன கிழமை?

பாண்டி: 1969 மே 3, சனிக்கிழமை.

கதிரேசன்: அப்படிச் சொல்லு! அது மாதத்துக் குற்றம் இல்லை, கிழமைக் குற்றம். சனிப் பிணம் தனிப் போகாது. துணைக்கு யாரைக் கூட்டிப் போனார்?

பாண்டி: அடுத்து பதவியில் இருக்கும்போது இறந்த ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது. ஆனால் அது 1977. எட்டு வருடம் ஆகியிருக்கிறது.

கதிரேசன்: அரசாங்க விஷயம். ஃபைல் நகர எட்டு வருடம் ஆகாதா?

பாண்டி: இன்னொன்றும் சொல்கிறேன். பிரதமர், ஜனாதிபதி என்று பதவியில் இருக்கும்போதே இறந்தவர்கள் ஐந்து பேர். நேருவும் ஜாகிர் உசேனும் மே. சாஸ்திரி தாஷ்கண்டில், ஜனவரி. இந்திரா காந்தி அக்டோபர். பக்ருதீன் பிப்ரவரி. டிசம்பரில் ஒருத்தர்கூட இல்லை.

கதிரேசன்: எம்.ஜி.ஆர்.? ஜெயலலிதா?

பாண்டி: அவர்கள் முதலமைச்சர்கள். முதலமைச்சராக இருக்கும்போதே அண்ணாவும்தான் இறந்தார். 1969 பிப்ரவரி 3.

கதிரேசன்: மூன்றில் இரண்டு டிசம்பர்! பாஸ் மார்க்கே முப்பத்தைந்துதான். டெல்லியில் நீ சொல்வதை வைத்துப் பார்த்தால், டிசம்பர் பதவியில் இருப்பவர்களை விட்டுவிடுகிறது, முன்னாள்களைப் பிடிக்கிறது. உங்கள் அண்ணன் முன்னாளா?

பாண்டி: முன்னாள் வேட்பாளர்.

கதிரேசன்: முன்னாள் முன்னாள்தான்.

பாண்டி: அண்ணே, நான் அடிக்கச் சொல்வது பிறந்தநாள் பேனர். பிறப்பைப் பார்ப்போமே! டிசம்பர் 3, ராஜேந்திர பிரசாத். 4, ஆர். வெங்கட்ராமன். அதே 4, குஜ்ரால். 11, பிரணாப் முகர்ஜி. 23, சரண் சிங். 25, வாஜ்பாய். ராஜாஜி பிறந்ததுகூட டிசம்பர் 10தான், அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. இறந்தவர் நாலு, பிறந்தவர் ஆறு! டிசம்பர் தலைவர்களை எடுத்துக்கொள்ளும் மாதம் இல்லை, கொடுக்கும் மாதம்.

கதிரேசன்: (விரல் விட்டு எண்ணி) கொடுத்தது ஆறு. எடுத்தது நாலு.

பாண்டி: ஆமாம்!

கதிரேசன்: இன்னும் இரண்டு வசூலாகவில்லையே தம்பி!

பாண்டி: அந்த ஆறு பேருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் அண்ணே, வேறு வேறு மாதத்தில்.

கதிரேசன்: அது அந்தந்த மாதத்துக் கணக்கு. டிசம்பர் நோட்டில் இரண்டு பாக்கி நிற்கிறது.

பாண்டி: (தலையில் கை வைத்து) உண்மையைச் சொல்லுங்கள். டிசம்பர் உங்களை என்ன செய்தது?

கதிரேசன்: (கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு) 2016. பதினைந்துக்குப் பத்து, பூப்புனித நீராட்டு விழா பேனர். தாய்மாமன்கள் மட்டும் ஒன்பது பேர், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பின்னணியில் சிங்கம். டிசம்பர் 5 சாயங்காலம் அடித்து முடித்தேன். ராத்திரி செய்தி வந்துவிட்டது. மறுநாள் ஊரே அடைப்பு. ஏழு நாள் துக்கம். விசேஷத்தைத் தள்ளி வைத்தார்கள். தேதி மாறிப்போச்சு, பேனர் வேண்டாம் என்றார்கள். ஒன்பது சிங்கத்தையும் சுருட்டி வைத்தேன்.

பாண்டி: அட்வான்ஸ்?

கதிரேசன்: சொந்தக்காரர்கள். வாங்கவில்லை.

பாண்டி: இவ்வளவுதானா? இதற்கு எதற்கு அண்ணே நரசிம்ம ராவையெல்லாம் இழுத்தீர்கள்? இந்தாருங்கள், முழுப் பணமும் இப்போதே.

(கதிரேசன் பணத்தை எண்ணி, கண்ணில் ஒற்றி, கல்லாவில் போடுகிறார். மவுஸ் கைக்கு வருகிறது.)

கதிரேசன்: 24 நல்ல நாள்தான். வாசகம் என்ன போடலாம்?

பாண்டி: "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்."

கதிரேசன்: அருமை. எப்படி ஆனாலும் பொருந்தும்.

பாண்டி: அண்ணே!

கதிரேசன்: சும்மா சொன்னேன். இதோ, டிசைன் பார். போட்டோ நடுவில், இரண்டு பக்கமும் தொண்டர்கள்.

பாண்டி: போட்டோவைச் சுற்றி எதற்கு இவ்வளவு வெள்ளை?

கதிரேசன்: கோபப்படாதே. மாலை போடவில்லை. இடம் மட்டும் விட்டிருக்கிறேன்.