இரண்டு வருஷக் கணக்குக்குள் தத்துவம் அடங்காது

ஆசிரியர் வேலைக்கான அந்த நேர்முகத் தேர்வைப் பற்றி மூன்று நாளாக எல்லாரும் எழுதிவிட்டீர்கள். ஊர், பெயர் எதையும் நான் இழுக்கப் போவதில்லை. அறிவியல் தத்துவத்தில் ஆய்வு செய்த ஒரு தம்பியிடம், "உங்க ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர் ஒன்றரைதானா? காலைல வந்த கெமிஸ்ட்ரி கேண்டிடேட்டுக்கு ஆறு இருந்துச்சே" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஃபைலை மூடிவிட்டார்கள். கேள்வி கேட்டதைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். ஃபைலை மூடியதுதான் மனசு ஆறவில்லை. கருவி எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு அளக்க வேண்டும் என்பதை முதல் வருஷ மாணவர்களுக்கு லேபில் சொல்லிக்கொடுக்கிறவர், அந்தக் கேள்வியைக் கேட்டவர்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஒரு ஜர்னலின் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண். அந்த ஒன்றரையையும் இந்த ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. இதை இந்தப் பதிவு முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் கணக்கு. ஒரு ஜர்னலின் 2025-ஆம் ஆண்டு இம்பாக்ட் ஃபேக்டர் வேண்டுமென்றால், 2023, 2024 ஆகிய இரண்டு வருஷமும் அதில் வந்த கட்டுரைகளை 2025-இல் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணை அந்த இரண்டு வருஷக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 80 கட்டுரை, 120 மேற்கோள் என்றால் 1.5. அவ்வளவுதான். 2022-இல் வந்த ஒரு கட்டுரையை 2025-இல் முந்நூறு பேர் எடுத்துப் பேசியிருந்தாலும் அது இந்தக் கணக்கில் வராது. புத்தகத்துக்கு இப்படி ஒரு எண்ணே கிடையாது.

இப்போது எங்கள் துறையில் ஒரு கட்டுரைக்குப் பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள். 2023 ஜனவரியில் விளக்கம் பற்றியோ காரணகாரியம் பற்றியோ ஒரு கட்டுரை வருகிறது. அதைப் படித்து, வாதத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து, மறுத்து எழுத ஒருவருக்கு எட்டு மாதம், ஒரு வருஷம் ஆகும். அனுப்பினால் ரிவியூ நாலைந்து மாதம். திருத்தச் சொல்வார்கள், திருத்தி அனுப்பினால் இன்னொரு சுற்று. முதல் ஜர்னல் திருப்பி அனுப்பிவிட்டால், நல்ல ஜர்னல்கள் பெரும்பாலான கட்டுரைகளைத் திருப்பித்தான் அனுப்புகின்றன, அடுத்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பதில் அச்சுக்கு வரும்போது 2026 ஆகியிருக்கும். 2023 கட்டுரைக்கு 2024, 2025 மேற்கோள்கள்தான் கணக்கு, அதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. வேதியியலில் ஆறு மாணவர்கள் உள்ள ஒரு லேப், புதிய முறை ஒன்று வந்ததும் அடுத்த மாதமே செய்து பார்த்து, தங்கள் கட்டுரையில் அதைக் குறிப்பிட்டுவிடும். கீரைப் பாத்தியில் இருபத்தைந்தாம் நாள் அறுவடை. தென்னந்தோப்புக்காரனிடம் அதே இருபத்தைந்தாம் நாள் போய் "காய் எங்கே" என்று கேட்பதா?

ரெஃபரன்ஸ் பட்டியலை விரித்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். வேதியியல் கட்டுரையின் கடைசிப் பக்கங்களில் பெரும்பகுதி சமீப வருஷங்களாக இருக்கும். அறிவியல் தத்துவக் கட்டுரையில் 1948 இருக்கும், 1962 இருக்கும், நடுநடுவே போன வருஷமும் இருக்கும். பழையதை நாங்கள் தீர்ந்துபோனதாக நினைப்பதில்லை. ஆனால் பழையதுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மேற்கோளும் இரண்டு வருஷக் கணக்கில் பூஜ்யம்தான்.

1948 என்று சும்மா சொல்லவில்லை. கார்ல் ஹெம்பலும் பால் ஓப்பன்ஹைமும் அறிவியல் விளக்கம் என்றால் என்ன என்று எழுதிய கட்டுரை அந்த வருஷம் 'ஃபிலாசஃபி ஆஃப் சயின்ஸ்' ஜர்னலில் வந்தது. விதி, தொடக்க நிலைமை, அதிலிருந்து தர்க்கமாகப் பெறப்படும் முடிவு என்று இன்று எந்த அறிமுக வகுப்பும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கட்டுரையை முதல் பத்து வருஷம் ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை. விளக்கக் கோட்பாட்டின் வரலாற்றை எழுதிய வெஸ்லி சால்மன் இதைப் பதிவு செய்திருக்கிறார். சூடான விவாதம் 1958 வாக்கில்தான் தொடங்கியது. இம்பாக்ட் ஃபேக்டர் கணக்குப்படி அந்தக் கட்டுரைக்கு 1949, 1950 இரண்டு வருஷம் மட்டுமே அவகாசம். அப்போது ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்திருந்தால் ஹெம்பலின் ஃபைலையும் மூடியிருக்கும்.

இந்த எண் எதற்காக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூஜீன் கார்ஃபீல்டும் இர்விங் ஷேரும் 1960-களின் தொடக்கத்தில் யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணைக்கு எந்த ஜர்னல்களைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க இதை உருவாக்கினார்கள். பிறகு நூலகங்கள் எந்த ஜர்னலுக்குச் சந்தா கட்டலாம் என்று பார்க்க உதவியது. தனி ஆளை எடைபோட இதைப் பயன்படுத்துவதைப் பற்றி கார்ஃபீல்டே எச்சரித்தார்.

அறிவியல் துறைக்குள்ளேயே இது எப்படி ஆட்டம் காணும் என்பதற்கு ஒரு உதாரணம். 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' என்ற படிகவியல் ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் 2008-இல் இரண்டை ஒட்டி இருந்தது. 2009-இல் 49.926. ஜர்னல் இருபத்தைந்து மடங்கு உயர்ந்துவிட்டதா? ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-இல் தன் மென்பொருளைப் பற்றி எழுதிய ஒரே ஒரு கட்டுரையை, படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கண்டுபிடிக்கிற எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள். அந்த வருஷம் அதே ஜர்னலில் வந்த மற்றக் கட்டுரைக்காரர்களின் பயோடேட்டாவிலும் ஐம்பது ஏறிக்கொண்டது. சராசரி என்பது இதுதான். தம்பியின் ஜர்னலுக்கு ஒன்றரை என்றால் தம்பியின் கட்டுரைக்கு ஒன்றரை என்று அர்த்தமில்லை.

இனி நம் ஊர் விதிக்கு வருகிறேன். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையில் இம்பாக்ட் ஃபேக்டருக்கு ஏற்பப் புள்ளி தருகிற அட்டவணை இருக்கிறது. எண் இல்லாத ஜர்னல் 5, ஒன்றுக்குக் கீழ் 10, ஒன்றிலிருந்து இரண்டு வரை 15, இரண்டிலிருந்து ஐந்து வரை 20, ஐந்திலிருந்து பத்து வரை 25, அதற்கு மேல் 30. இரண்டு பேருக்கு மேல் கூட்டாக எழுதினால் முதன்மை ஆசிரியருக்கு 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். இந்தப் புள்ளிகளை மட்டும் வைத்துப் பாருங்கள். ஐந்து பேர் சேர்ந்து எழுதி, ஆறு என்ற எண் உள்ள ஜர்னலில் போட்டால் முதன்மை ஆசிரியருக்கு 17.5, மற்ற நால்வருக்கும் ஆளுக்கு 7.5. இரண்டு கட்டுரையில் நாலாவது பெயராக இருந்தாலே 15 வந்துவிடும். தம்பி ஒற்றை ஆளாக இரண்டு வருஷம் உழைத்து, துறையின் முன்னணி ஜர்னலில் போட்ட கட்டுரைக்கும் அதே 15.

புத்தகம் எழுதினால்? அதே அட்டவணையில் பன்னாட்டுப் பதிப்பகப் புத்தகத்துக்கு 12. ஒரு முழுப் புத்தகத்துக்கு! தாமஸ் கூன் 1962-இல் அறிவியல் புரட்சிகள் பற்றி எழுதிய புத்தகத்துக்குக் கூகுள் ஸ்காலரில் ஒரு லட்சத்துக்கும் மேல் மேற்கோள் இருக்கிறது. எங்கள் துறையிலிருந்து உலகம் முழுக்கப் போன ஒரு சொல் உண்டென்றால் அது அவருடைய 'பாரடைம்'. அந்தப் புத்தகத்துக்கு இந்த அட்டவணை தரும் 12, ஒன்றரை எண் உள்ள ஜர்னலில் வந்த ஒரே ஒரு கட்டுரையின் 15-ஐ விடக் குறைவு. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

"எண்ணை எடுத்துவிட்டால் சிபாரிசுதான் ஆளும்" என்று பின்னூட்டத்தில் நாலு பேர் எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம். சாதியும் பணமும் எப்படி வேலை செய்யும் என்று தெரியாதவனா நான்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணை எடுக்கச் சொல்லவில்லையே. ஒரே துறைக்குள் ஒப்பிடுங்கள் என்கிறேன். இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடும் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் 'ஹிஸ்டரி அண்ட் ஃபிலாசஃபி ஆஃப் சயின்ஸ்' என்று தனி வகை இருக்கிறது. அந்த வகைக்குள் ஜர்னல் எத்தனையாவது இடம், எந்தக் கால்பகுதி (பட்டியலை நாலாகப் பிரித்தால் எத்தனையாவது பகுதி) என்று அங்கேயே போட்டிருக்கிறது. ஐந்து வருஷக் கணக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் 'ஸ்னிப்' என்று ஒரு எண் உண்டு, துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் மாறுவதைச் சரிக்கட்டவே ஹெங்க் மூட் அதை உருவாக்கினார். இதையெல்லாம் திறந்து பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

"உங்கள் துறையை யாருமே படிப்பதில்லை, அதனால்தான் எண் குறைவு" என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சின்னத் துறைதான். சின்னத் துறை என்பது குற்றமா?

இன்னொரு விஷயம், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றலாம், ஆனால் சம்பந்தம் உண்டு. இனிஷியல். தமிழ்ப் பெயரை ஆன்லைன் படிவத்தில் நிரப்பும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒரு முறை அப்பா பெயர், ஒரு முறை இனிஷியல் மட்டும், ஒரு முறை சொந்தப் பெயர் என்று மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறோம். ஸ்கோபஸ் அதை மூன்று ஆளாக எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு மேற்கோள்தான் இருக்கிறது, அதுவும் மூன்றாகப் பிரிந்தால் எச்-இன்டெக்ஸ் (ஒருவருடைய எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் பெற்றிருக்கின்றன என்ற எண்) என்ன ஆகும்? முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) வாங்கி, ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் தத்துவக் கட்டுரைகளுக்கான பிட்ஸ்பர்க்கின் இணையக் களஞ்சியமான ஃபில்சை-ஆர்க்கைவில் முன்வரைவு போட்டிருந்தால் கூகுள் ஸ்காலர் அதையும் அச்சான கட்டுரையையும் தனித்தனியாகக் காட்டக்கூடும். ப்ரொஃபைலில் இரண்டையும் டிக் செய்து மெர்ஜ் கொடுங்கள்.

எனக்கு இதில் நிஜமாகவே பயமாக இருப்பது வேறொன்று. கிறிஸ்டோஃப் மலட்டேரும் அவர் குழுவினரும் 'ஃபிலாசஃபி ஆஃப் சயின்ஸ்' ஜர்னலில் 1934 முதல் 2015 வரை வந்த கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் அலசி, எந்தத் தலைப்பு எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று 2019-இல் வெளியிட்டார்கள். மொழி, தர்க்கம் பற்றிய பேச்சு காலப்போக்கில் தணிந்து, உயிரியல் தத்துவம் போன்றவை வளர்ந்த கதை அதில் இருக்கிறது. அந்த மாற்றம் கேள்விகள் மாறியதால் வந்தது, அழகான மாற்றம். இனி வரப்போகும் மாற்றம் அப்படி இருக்குமா? மருத்துவம், நரம்பியல், செயற்கை நுண்ணறிவு பக்கம் ஒட்டி எழுதினால் அந்தத் துறைக்காரர்கள் வேகமாக மேற்கோள் காட்டுவார்கள். நிகழ்தகவின் அடிப்படையைப் பற்றி எழுதினால் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். ஆய்வுத் தலைப்பு கேட்டு வருகிற பிள்ளைகள் இப்போதே "எதில் சைட்டேஷன் சீக்கிரம் வரும் சார்" என்று கேட்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வேலை வேண்டும் அவர்களுக்கு. இப்படிக் கேட்க வைத்தவர்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அப்படியானால் குழுவில் இருக்கிறவர்கள் எல்லாக் கட்டுரையையும் படிக்க வேண்டுமா" என்று கேட்பீர்கள். ஆமாம். ஒரு ஆளுக்கு ஒரு கட்டுரை, இருபத்தைந்து பக்கம். முப்பது வருஷம் சம்பளம் கொடுக்கப்போகிற ஒருவருக்காக ஒரு சாயங்காலம் செலவழிக்கக் கூடாதா?

தம்பிக்கு அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் நேர்முகம் இருக்கிறது. மூன்று தாள் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். ஒன்று, துறை வகைக்குள் ஜர்னலின் இடத்தைக் காட்டும் பக்கம், வருஷம் தெரியும்படி. இரண்டு, அவன் கட்டுரையை மற்றவர்கள் எடுத்துப் பேசியிருக்கும் பத்திகள், எண்ணிக்கை அல்ல, பத்திகளே, மஞ்சள் மார்க்கரில் கோடிட்டு. மூன்றாவது, கட்டுரையின் வாதம் ஒரே பக்கத்தில், தமிழில். ஃபைலை மூடினாலும் அந்தத் தாள் மேஜை மேலேயே கிடக்கட்டும்.