தண்ணிமுறிப்பை விட்டுவிட்டீர்களே

வன்னியைப் பற்றி அண்மையில் வாசித்த நாவல்களைப் பட்டியலிட்டிருக்கிறீர்கள், சரி. ஆனால் எல்லாமே போரும் இடப்பெயர்வும்தான். அதற்கு முன் இங்கே ஆட்கள் வாழவே இல்லையா?

நான் போன மாதம் வாசித்தது அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. இப்போது நூலகம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரவில் வயல் காவலுக்குப் போகும்போது கைபேசியில் பத்துப் பத்துப் பக்கமாக வாசித்தேன். கதை நடக்கும் தண்ணிமுறிப்பு எங்கள் முல்லைத்தீவுப் பக்கம்தான். நாயகன் கதிராமன் தகப்பனோடு முறித்துக்கொண்டு, தான் விரும்பிய பெண் பதஞ்சலியைக் கூட்டிக்கொண்டு போய்க் காடு வெட்டும் பகுதியை வாசித்தபோது, எங்கள் அப்பு கோடரிப் பிடிக்கு மரம் தேடித் திரிந்தது ஞாபகம் வந்தது. ஒரு கொப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது வெயிலுக்கு வெடிக்கும்” என்று எறிந்துவிடுவார்.

அம்மாவிடம் தலைப்பைச் சொன்னேன். அவருக்குப் புத்தகம் தெரியாது, குருவியைத் தெரியும். “நிலத்துப் பொந்துக்குள்ள இருக்கிறதெல்லோ” என்றார். பதஞ்சலியை நாவலாசிரியர் ஏன் அந்தப் பெயரால் சொல்கிறார் என்பது அப்போதுதான் எனக்குச் சரியாகப் பிடிபட்டது.

குறையும் உண்டு. ஊருக்கு வாத்தியார் ஒருவர் வந்த பிறகு கதை கொஞ்சம் சினிமாப் பக்கம் சாய்கிறது. காடும் குளமும் வரும் பக்கங்களில் இருக்கிற நிதானம் அங்கே இல்லை.

அடுத்தது செங்கை ஆழியானின் ‘காட்டாறு’. அச்சுப் பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கைபேசியில் வாசித்துக் கண் எரிகிறது.