இனவெறிக் கொலையைப் பயங்கரவாதம் எனச் சட்டம் ஏற்பதில்லையா?

"அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டு இயக்கத்தோடு தொடர்புள்ளவரே பயங்கரவாதி, இனவெறியால் கொல்பவர் சாதாரணக் கொலையாளி" என்றொரு செய்தி மட்டக்களப்பு, அம்பாறை வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது. இது தவறு. பொதுமக்களை அச்சுறுத்தும் அல்லது அரசின் கொள்கையைப் பலவந்தமாக மாற்றும் நோக்குடன் நாட்டுக்குள்ளேயே நிகழ்த்தப்படும் உயிராபத்தான குற்றச் செயல்களை, அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் 2001ஆம் ஆண்டிலிருந்தே உள்நாட்டுப் பயங்கரவாதம் என வரையறுக்கிறது. வெளிநாட்டுத் தொடர்பு அதற்குத் தேவையில்லை.

எனினும் அந்த வரையறைக்கெனத் தனியான தண்டனைக் குற்றம் கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. குழப்பம் இங்குதான் பிறக்கிறது. 2015இல் சார்ள்ஸ்டன் தேவாலயத்தில் 9 கறுப்பினத்தவரைச் சுட்டுக்கொன்றவர் மீது பயங்கரவாதக் குற்றச்சாட்டு அன்றி, வெறுப்புக் குற்றச்சாட்டுகள் முதலியனவே சுமத்தப்பட்டன. நியூயோர்க் மாநிலச் சட்டத்திலோ உள்நாட்டுப் பயங்கரவாதம் தனிக் குற்றமாகவே உண்டு. 2022இல் பஃபலோவில் 10 கறுப்பினத்தவரைக் கொன்றவர் அதை நீதிமன்றில் ஒப்புக்கொண்டார்.

நமக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. 2018 பெப்ரவரியில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகப் பரவிய பொய்யால் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் முஸ்லிம்களின் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்றே அரச பகுப்பாய்வில் தெரிந்தது. இனங்களுக்கிடையே பகை மூட்டுவது இலங்கையின் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலேயே குற்றம்தான். ஆயினும் அச்சட்டத்தின் கொடுமையை அனுபவித்த மக்கள் அதை இன்னும் விரிவாகப் பிரயோகிக்கக் கோர வேண்டியதில்லை. வன்முறைக்குத் தூண்டும் இன, மத வெறுப்புப் பரப்புரையை 2007ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டமும் குற்றமாக்கியுள்ளது.