பர்மாப் பணம் 1930-லேயே முடங்கிவிட்டது

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களான எங்கள் சமூகத்தார், பர்மாவுக்குப் போனார்கள், சம்பாதித்தார்கள், தேக்கு கொண்டுவந்து வீடு கட்டினார்கள், யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டான், எல்லாம் போயிற்று. கானாடுகாத்தானில் கேட்டிருக்கிறேன், ஆத்தங்குடியில் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு விசேஷங்களில் பெரியவர்களும் இதையேதான் சொல்வார்கள். பிள்ளைகள் அப்படியே நம்பி வளர்கிறார்கள்.

இந்தக் கதையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. குண்டு விழுவதற்குப் பத்து வருஷம் முன்பே அந்தப் பணம் முடங்கிப்போய்விட்டது. முடக்கியது நெல் விலை. அந்த விலையை இறக்கியது 1929-ல் தொடங்கிய உலகப் பெருமந்தம். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், ஒரு நாட்டின் பொருளாதாரம் எப்படிச் சரிகிறது என்பதற்கு நம் கண்ணெதிரே இவ்வளவு பெரிய சாட்சி நின்றுகொண்டிருக்கிறது. நாமோ அதைப் போர்க்கதையாகச் சுருக்கிவிட்டோம்.

முதலில் அங்கே தொழில் எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஐராவதி டெல்டாவில் காடும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி நெல்வயலாக்கியவர்கள் பர்மிய விவசாயிகள். காடு வெட்ட, மாடு வாங்க, அறுவடை வரைக்கும் சாப்பிட அவர்களுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆங்கிலேய வங்கிகள் தலைநகர் ரங்கூனைத் தாண்டிக் கிராமத்துக்குள் போய்க் கடன் கொடுக்கவில்லை. நம்மவர்கள் போனார்கள். வட்டிக்கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, உதவியாளான அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாகி, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புவது என்பது பல தலைமுறைக்குச் செட்டிநாட்டு ஆண்பிள்ளைகளின் வாழ்க்கை. 1920-களில் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. 1929-30-ல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, நகரத்தார் அங்கே போட்டிருந்த பணத்தைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி!

அதில் முதலாளியின் சொந்த முதல்பணம் ஒரு பகுதிதான். உறவுக்காரர்கள் வட்டிக்குப் போட்டு வைத்த மேல்பணம், கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த ஆச்சிமார் பணம், கோயில் பணம், ஒரு கடை இன்னொரு கடையிடம் வாங்கிய நடப்புக் கடன், ரங்கூனில் இருந்த ஆங்கிலேய வங்கிகளிடம் வாங்கிய கடன் என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தது. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த ஐந்தொகையை இன்றைய கண்ணால் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. வரவு, பற்று இரண்டு பக்கமும் கடைசியில் ஒரே பொருளின் மேல் நின்றது. நெல்.

உலகத்தில் என்ன நடந்தது? 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்ததிலிருந்துதான் பொதுவாகக் கதையைத் தொடங்குவார்கள். ஆனால் கோதுமை, சர்க்கரை, ரப்பர் போன்ற விளைபொருள்களின் விலை அதற்கு முன்பே தள்ளாடிக்கொண்டிருந்தது. முதல் உலகப்போர் முடிந்த பிறகு எல்லா நாடும் விளைச்சலைப் பெருக்கிவிட்டன, வாங்கும் கைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. பங்குச் சந்தை சரிந்ததும் அமெரிக்க வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 1930 முதல் 1933 வரை மூடிய வங்கிகள் ஏறத்தாழ 9,000. அந்த நாட்டில் புழங்கிய பணமே மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. 1933-ல் உழைக்கக்கூடிய நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. இறக்குமதி வரியை உயர்த்தி 1930-ல் அமெரிக்கா போட்ட ஸ்மூட்-ஹாலி சட்டத்துக்குப் பதிலடியாக மற்ற நாடுகளும் வரி போட்டன, வியாபாரம் இன்னும் படுத்தது. தங்கத்தோடு நாணயத்தைக் கட்டிவைத்திருந்த அரசுகள், பணப்புழக்கத்தைக் கூட்டவேண்டிய நேரத்தில் இறுக்கிப் பிடித்தன. என்னைக் கேட்டால், பெரிய தவறு இந்த இறுக்கம்தான். சந்தைச் சரிவோடு நின்றிருந்தால் அது ஒரு கெட்ட வருஷமாகப் போயிருக்கும். இறுக்கம் அதைப் பெருமந்தமாக்கியது.

'விலை குறைந்தால் சனங்களுக்கு நல்லதுதானே' என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சாமான் வாங்கப் போகிறவருக்குச் சரி. கடன்பட்டவருக்கு? ஒரு விவசாயி 900 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நூறு கூடை நெல் 180 ரூபாய்க்குப் போகும்போது ஐந்நூறு கூடையில் அந்தக் கடன் தீரும். விலை 90 ஆகிவிட்டால் ஆயிரம் கூடை வேண்டும். பத்திரத்தில் தொகை மாறவில்லை, வட்டியும் மாறவில்லை, ஆனால் அவருடைய கடன் இரண்டு மடங்காகிவிட்டது. நிலம் அதே நிலம், விளைச்சல் அதே விளைச்சல். பர்மாவில் நெல் விலை உண்மையிலேயே இப்படித்தான் விழுந்தது, பாதிக்கும் கீழே போனது. கடன் தீர்ப்பதற்காக எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கப் போனால் விலை மேலும் இறங்கும், மிச்சக் கடன் மேலும் கனக்கும். இர்விங் ஃபிஷர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1933-ல் இதைக் கோட்பாடாகவே எழுதினார். அவரும் அந்தச் சரிவில் தன் சொத்தை இழந்தவர்.

கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் நம்மவர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் நகரத்தாரிடம் இருந்தது. ஏழெட்டு வருஷத்தில் அது 25 சதவீதம். ஏக்கர் கணக்கில் சுமார் 5.7 லட்சம் இருந்தது 24 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதைப் படித்துவிட்டு 'எவ்வளவு சொத்து சேர்த்திருக்கிறார்கள்' என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். அந்த ஏக்கர் ஒவ்வொன்றும் திரும்பி வராத கடன். வட்டிக்கடைக்காரருக்கு வேண்டியது சுழலும் பணம். வாங்க ஆள் இல்லாத, குத்தகையும் சரியாக வராத, கடல் கடந்த வயலை வைத்துக்கொண்டு ஊரில் மேல்பணம் போட்டவருக்கு என்ன பதில் சொல்வது? இன்றைக்கு வங்கியில் வாராக்கடன் என்கிறோமே, அதுதான் அந்த 24 லட்சம் ஏக்கர்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை நம் வீடுகளில் யாருமே பேசுவதில்லை, எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. காட்டை வெட்டி வயலாக்கிய குடும்பம் சொந்த வயலிலேயே குத்தகைக்காரனாக நின்றது. சில இடங்களில் குத்தகையும் போய்க் கூலியாள். நெல் விலை பாதியான பிறகும் ஆங்கில அரசு தலைவரியையும் நிலவரியையும் ரொக்கமாகக் கேட்டது. 1930 டிசம்பரில் தாராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு வருஷம் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே 1930 மே மாதத்தில் ரங்கூன் துறைமுக வேலைக்காகத் தெலுங்குத் தொழிலாளிகளுக்கும் பர்மியருக்கும் கலவரம் வெடித்தது. 1938-ல் இந்தியர்மேல் இன்னொரு கலவரம். 'நன்றிகெட்ட சனம்' என்று சொல்லி இதைக் கடந்து போகிறவர்கள் உண்டு. நிலத்தை இழந்தவனிடம் நன்றி எதிர்பார்ப்பது அநியாயம். நெல் விலையை இறக்கியது நம்மவர்கள் இல்லைதான். ஆனால் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் 1920-களில் தாராளமாகக் கடன் கொடுத்ததும், விலை விழுந்தபோது பத்திரத்தில் இருந்த தொகையையே கேட்டதும் நம்மவர்கள். அந்தச் சங்கிலியில் நாமும் ஒரு கண்ணி.

எல்லாவற்றுக்கும் மேலே நின்று முடிவெடுத்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற மாற்று விகிதத்தைக் காப்பாற்ற இந்திய அரசு பணப்புழக்கத்தைச் சுருக்கியது. ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த விலை இன்னும் விழுந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தை விட்டு விலகியதும் தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. கடனுக்கும் வரிக்கும் வழியில்லாத இந்தியக் குடும்பங்கள் நகையை விற்றன, அந்தத் தங்கம் பம்பாய் வழியாகக் கப்பல் கப்பலாக வெளியேறியது. தாலிக்கொடியும் காப்பும் போய்த்தான் பேரரசின் கணக்கு நேரானது என்று சொன்னால் அது மிகை இல்லை.

இங்கே ஊரில் என்ன ஆனது? ஆண்கள் எடுத்த முடிவுக்குப் பெண்கள் பணம் கொடுத்தார்கள். ஆச்சிமார் பணம் என்பது ஒரு பெண்ணுக்குக் கடைசிவரை கைகொடுக்க வேண்டிய பணம். கடை முடங்கியதும் அது பேரேட்டில் ஒரு வரியாக நின்றுவிட்டது. என் அப்பத்தா சாகும்வரை சொல்வார்கள், 'வட்டி வரும் வரும்னு இருந்தோம், அப்புறம் அசலையே கேக்க வாய் வரலை' என்று. கேட்டால் கொடுக்க வேண்டியது சொந்த அண்ணன் அல்லது மாமனார். யாரிடம் போய் வழக்குப் போடுவது? வீட்டு வேலை நின்றால் கொத்தனார், ஆசாரி, சமையல்காரர், வண்டிக்காரர் என்று அந்தப் பணத்தை நம்பியிருந்த அத்தனை குடும்பத்துக்கும் அடுப்பு குறைந்துதான் எரியும். அவர்களைப் பற்றி எந்தக் குழுவும் கணக்கெடுத்து எழுதவில்லை. மலாயாவில் ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்களிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வந்து இறங்கிய தமிழ்நாட்டில் நெல்லும் விலை போகவில்லை. 1938-ல் ராஜாஜி அரசு விவசாயக் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது இந்தப் பின்னணியில்தான்.

விழுந்ததிலிருந்து சிலர் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1937 பிப்ரவரியில் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். விலாசம் என்று நாங்கள் சொல்லும் குடும்பக் கடைப் பெயரை நம்பிய தொழில், பங்குதாரர்களும் தணிக்கையும் உள்ள வங்கியாக மாறிய இடம் அது. அதே வருஷம் ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிந்தது. 1942-ல் ரங்கூன் விழுந்தது. 1948-ல் நில தேசியமயச் சட்டம். 1962-க்குப் பிறகு ராணுவத் தலைவர் நே வின் ஆட்சியில் மிச்சமும் போனது. இவையெல்லாம் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஜப்பான் படை வந்தபோது நம்மவர்கள் விட்டுவிட்டு ஓடிவந்தது பெரும்பாலும் விற்க முடியாத வயல்களை. பணமாக இருந்திருந்தால் அது அதற்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருக்கும்.

அதனால் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய வீட்டைப் பிரிக்கும்போது தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகின்றன, அவற்றுக்கு விலை இருக்கிறது. கணக்கு ஏடுகளும் ரங்கூனிலிருந்து வந்த கடிதக் கட்டுகளும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகின்றன. இதைத் தடுக்க வேண்டும். ஏட்டின் முதல் பக்கத்தில் தமிழ் வருஷம் இருக்கும். சுக்கில, பிரமோதூத, பிரஜோத்பத்தி, ஆங்கிரச, ஸ்ரீமுக என்று எழுதியிருந்தால் அது 1929-லிருந்து 1934 வரைக்குமான கணக்கு. யாருடைய பணம் எந்த மாதம் நின்றது, எந்த ஊர் வயல் எந்தக் கடனுக்கு வந்தது என்பது அதில்தான் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்த புத்தகங்கள்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன, அதனால் இது நம் பக்கத்தில் நடக்காத காரியம் இல்லை. உங்கள் வீட்டு இரண்டாம் கட்டிலோ மேல்மாடிப் பெட்டகத்திலோ அந்த ஐந்து வருஷத்து ஏடு ஏதாவது கிடந்தால் எனக்கு எழுதுங்கள். நேரில் வந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு ஏட்டை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன்.