எட்டு வருட வார்டு வேலைக்கு எத்தனை மார்க்?

மூன்றாவது வருடமாக போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கைப் பட்டியலில் என் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில்கூட இல்லை. நைட் டியூட்டி முடித்து குடியாத்தம் பஸ் ஏறினதும் ஃபோனில் பார்த்தேன். பள்ளிகொண்டா தாண்டியும் அதையே மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தூங்கினால் அது போய்விடும் என்பதால் தூங்காமல் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேராக பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தால் 4 வருடம். ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸ், 2 வருடத்தில் பட்டம் வாங்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் போஸ்ட் பேசிக். எம்.எஸ்சி. போகவோ, கல்லூரியில் பாடம் எடுக்கவோ அந்தப் பட்டம் வேண்டும். ஜி.என்.எம். படிப்பையே நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு வேறு அவ்வப்போது கிளம்பும். அப்படிக் கிளம்பும்போதெல்லாம் எங்கள் வயிற்றில் புளி கரைக்கும்.

2023-இல் முதல் முறை. அசல் சான்றிதழ்கள் நான் முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தன. சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருப்பிக் கேட்டால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டச் சொன்னார்கள். என் சம்பளம் அப்போது 13,500. (50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று மத்திய அரசு அமைத்த குழு 2016-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தாளை நான் படித்திருக்கிறேன், அந்தச் சம்பளத்தைக் கையில் வாங்கியதில்லை.) அப்பா தறியில் லுங்கி நெய்கிறவர். கூலியில் முன்பணம் வாங்கிக் கட்டினார். சான்றிதழ் கைக்கு வந்தபோது கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அடுத்த வருடம் இ-சேவை மையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை 600-க்குத்தான் கேட்டது. நான் 2013-இல் எழுதியவள், எங்களுக்கு 1200. என் மதிப்பெண் 867. பாதியாக்கினால் 433.5. அந்தக் கட்டத்தில் புள்ளி ஏறவில்லை. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் ஒருவர் 433 போடச் சொன்னார், இன்னொருவர் 434 போடுங்கள் என்றார், மூன்றாவதாக எடுத்தவர் “தப்பாப் போட்டா ரிஜெக்ட் ஆயிடும்மா” என்று வைத்துவிட்டார். 433 போட்டேன். அரை மதிப்பெண்ணில் போயிருக்குமோ என்று இன்றைக்கும் ஒரு உறுத்தல்.

அந்த 867 எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2012-13 மின்வெட்டு நம் பக்கத்து ஆட்களுக்கு மறந்திருக்காது. சென்னையைத் தவிர மற்ற ஊரெல்லாம் நாளில் பாதிக்கு மேல் இருட்டில் கிடந்தது. அந்த வருடம்தான் எனக்குப் பொதுத்தேர்வு. பன்னிரண்டு வருடம் கழித்து இத்தனை நோயாளிகளைப் பார்த்த பிறகும், விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் என்னைப் பற்றிப் பேசுவது மெழுகுவர்த்தியில் படித்த அந்தப் பதினேழு வயதுப் பெண்தான்.

நுழைவுத் தேர்வில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த வருடம் கேட்டார்கள். 1820 என்று எழுதினேன். சரியான விடைதான். ஆனால் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். போன மார்கழியில் ஒரு ராத்திரி, வயிற்று ஆபரேஷன் முடிந்த ஒருவர் படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தார். பி.பி. 110/70, மானிட்டரில் பயப்பட எதுவும் இல்லை. ஆனால் சாயங்காலம் 84 இருந்த நாடி 118-க்கு வந்திருந்தது. நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று வியர்வை. உள்ளே ரத்தம் போகும்போது முதலில் நாடி ஏறும், பி.பி. பிறகுதான் இறங்கும். இது புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு விரல் நுனியில் தெரிவதற்கு வருடங்கள் வேண்டும். டாக்டரை எழுப்பினேன். அரை மணி நேரத்தில் மறுபடி தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

இன்னொன்று. வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வைத்தியத்துக்கு வருகிறவர்களை நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காந்தி ரோட்டில் போர்டே வங்காளத்தில் இருக்கும். அந்தப் பாட்டிகளுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. “கொத்தாய் பேத்தா?” என்று கேட்பேன். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தை கேட்டதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை, கூடவந்த பேரன்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகியது. இதை எழுத விண்ணப்பத்தில் எந்தக் கட்டமும் இல்லை.

இந்த வருடம் நேர்முகம் வரை போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கேள்வி: “எட்டு வருஷம் வேலை பாத்துட்டு இப்ப எதுக்கும்மா படிப்பு?” இரண்டாவது: “கல்யாணம் எப்போ?” மூன்றாவது கேள்வி இல்லை. அனுபவச் சான்றிதழை நீட்டினேன், வாங்கி ஃபைலுக்கு அடியில் வைத்தார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் அப்போதுதான் ஜி.என்.எம். முடித்த பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்னிடம் வார்டில் பழகிய தங்கச்சி ஒருத்தி போன வருடம் சேர்ந்தாள். நெஞ்சில் குழாய் போட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்வது பற்றி செய்முறைத் தேர்வு என்று முந்தின ராத்திரி ஃபோன் செய்தாள். குழாய் போய்ச் சேரும் பாட்டிலில் தண்ணீர் மட்டம் மூச்சோடு ஏறி இறங்குகிறதா பார், விடாமல் குமிழ் வந்தால் எங்கோ காற்றுக் கசிகிறது என்று முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகச் செய்தாளாம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அனுபவத்துக்கு மதிப்புக் கொடுப்பது நடக்காத காரியமா என்ன? இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இதே போஸ்ட் பேசிக் 3 வருடப் படிப்பு. ஜி.என்.எம். முடித்து இரண்டு வருடமாவது வேலை பார்த்திருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். எம்.எஸ்சி. நர்சிங்குக்கு ஒரு வருட அனுபவம் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. இதே படிப்புக்கு அங்கே அனுபவம் கேட்கிறார்கள், மேலே எம்.எஸ்சி.க்கும் கேட்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள்?

அமெரிக்காவில் வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்கள் 11 முதல் 18 மாதத்தில் நர்சிங் பட்டம் முடிக்கிற படிப்பு இருக்கிறது. என் சித்தி மகள் விலங்கியல் படித்தவள், அதற்கு முயற்சி செய்கிறாள். அவளுக்கும் இரண்டு இடத்தில் கிடைக்கவில்லை. உடற்கூறு பாடம் படித்து ரொம்ப வருடம் ஆகிவிட்டது, மறுபடி எடுத்துவிட்டு வா என்றார்களாம். அவளும் நொந்துபோய்தான் இருக்கிறாள். ஆனால் எதனால் கிடைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். விண்ணப்பம் போட்ட இரண்டு வருடமும் எனக்குத் தெரியவில்லை.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் நர்சிங் பள்ளி ஆரம்பித்த ஊர் இது. நர்ஸ் இல்லாத தெருவே வேலூரில் இருக்காது. இந்த ஊரிலாவது இதைப் பேசலாம் இல்லையா?

கல்லூரி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் இடம் கேட்கவில்லை. தகவல் கையேட்டில் ஒரு வரி சேருங்கள்: பன்னிரண்டாம் வகுப்புக்கு இவ்வளவு, ஜி.என்.எம்.முக்கு இவ்வளவு, நுழைவுத் தேர்வுக்கு இவ்வளவு, வார்டில் நின்ற வருடங்களுக்கு இவ்வளவு. பட்டியல் போடும்போது யாருக்கு எதில் எத்தனை என்று பக்கத்திலேயே போடுங்கள். எட்டு வருடத்துக்கு ஐந்து மார்க் என்றாலும் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒன்றுமே கிடையாது என்றால் அதையும் முன்னாலேயே அச்சடித்துச் சொல்லிவிடுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டுகிற 1,500 ரூபாய்க்கு அப்பாவின் சர்க்கரை மாத்திரை இரண்டு மாதத்துக்கு வரும்.