ரிப்போர்ட் நார்மல், கால் மட்டும் மரத்தேதான் இருக்கிறது

"எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், உங்களுக்கு ஒன்றும் இல்லை." மரத்துப்போன கையையோ காலையோ வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனவர்களில் பலர் இதைக் கேட்டிருப்பார்கள். ரிப்போர்ட் நார்மலாக இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதை வைத்தே "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு பரிசோதனை எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று சொல்லாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு கால்களிலும் விரல் நுனியில் மதமதப்பாக ஆரம்பித்தது. மெல்லப் பாதம் முழுக்கப் பரவிக் கணுக்காலைத் தாண்டியது. கைக்குச் சுடுகிற வெந்நீரைக் காலில் ஊற்றினால், ஏதோ ஈரம் படுகிறது என்பது மட்டும்தான் தெரியும். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியதைத் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அதே கால், ராத்திரி போர்வை பட்டால் எரியும். வலியே தெரியாத கால் எப்படி எரியும் என்று வீட்டில் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. கூடவே, உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். சும்மா நிற்கும்போதே நெஞ்சு படபடக்கும். பாதத்தில் வியர்ப்பதே நின்றுபோனது.

ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டர். காலுக்கு ஒருவர், படபடப்புக்கு ஒருவர், கிறுகிறுப்புக்குக் காது மூக்கு தொண்டை நிபுணர். ஒருவர் எழுதிய சீட்டை இன்னொருவர் புரட்டிப் பார்க்கவில்லை. நரம்பில் மின்சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை நார்மல், முதுகுத்தண்டு எம்ஆர்ஐ நார்மல், இசிஜி நார்மல். "டென்ஷனைக் குறைங்க, நல்லாத் தூங்குங்க, சரியாயிடும்." டென்ஷன் இருந்தது உண்மைதான். கால் மரத்துப்போனால் யாருக்குத்தான் டென்ஷன் வராது?

கடைசியாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர் ஃபைலை மூடி ஓரமாக வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னார். பஞ்சால் பாதத்தைத் தொட்டார், தெரிந்தது. இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) தட்டிக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்தார், அதிர்வும் நன்றாகத் தெரிந்தது. அப்புறம் ஊசி முனையால் லேசாகக் குத்தியபடி விரலிலிருந்து மேலே வந்தார். கெண்டைக்கால் சதையின் பாதிக்கு வந்த பிறகுதான் எனக்கு அது ஊசி என்றே தெரிந்தது. பிறகு அந்த இசைக்கவையின் இரும்பை முதலில் என் கையில் வைத்தார், ஜில்லென்று இருந்தது. அதையே பாதத்தில் வைத்து "இப்போ?" என்றார். ஏதோ தொடுகிறது, அவ்வளவுதான். குளிர்ச்சி இல்லை. சில நிமிட வேலை. அத்தனை ரிப்போர்ட்டுகளும் சொல்லாததை ஓர் ஊசியும் ஒரு துண்டு இரும்பும் சொல்லிவிட்டன.

அவர் விளக்கியது இதுதான். நம் நரம்புகளில் தடிமனான இழைகளும் உண்டு, மிக மெல்லிய இழைகளும் உண்டு. தொடுதலையும் அதிர்வையும் கொண்டுபோவது தடித்த இழைகள். வலி, சூடு, குளிர்ச்சி மெல்லிய இழைகளின் பொறுப்பு. வியர்வை, இதயத்துடிப்பு, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவது போன்றவற்றிலும் இப்படிப்பட்ட மெல்லிய இழைகளுக்குப் பங்கு உண்டு. நரம்புக் கடத்தல் சோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். மெல்லிய இழைகள் எவ்வளவு பழுதாகியிருந்தாலும் அந்தச் சோதனை நார்மல் என்றுதான் வரும். பழுதான இழைகள் யாரும் தொடாமலே தப்பான சமிக்ஞை அனுப்புவதால்தான் எரிச்சல். வீட்டில் கேட்ட கேள்விக்கும் அன்றுதான் பதில் கிடைத்தது. தனித்தனியாக அலைந்த கிறுகிறுப்பு, படபடப்பு, வியர்வை எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

உறுதி செய்ய, கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலைத் துளி எடுத்து நுண்ணோக்கியில் நரம்பு நுனிகளை எண்ணுகிறார்கள். எனக்கு எண்ணிக்கை குறைவாக இருந்தது. மெல்லிய நரம்பிழைகளின் பாதிப்பு (ஸ்மால் ஃபைபர் நியூரோபதி) என்று உறுதியானது.

சரி, காரணம்? சர்க்கரைதான் முதல் சந்தேகம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அந்த நிலையிலேயே சிலருக்கு நரம்பு பாதிக்கப்படலாம். அடுத்தது வைட்டமின் பி12. ரத்தத்தில் அதன் அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் பி12 போதாதபோது கூடும் மீத்தைல்மலோனிக் அமிலத்தையும் பார்த்தால்தான் உண்மை தெரியும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். பி12 குறைவை விட்டுவிட்டு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். தைராய்டு, ஷோகிரென் போன்ற நோய் எதிர்ப்புக் கோளாறுகள், மது, சில மருந்துகள் என்று பட்டியல் நீளம். 'நரம்புச் சத்துக்கு' என்று நாமே வாங்கிப் போடும் மாத்திரைகளில் பி6 அதிகமாகச் சேர்ந்தால், அதுவே நரம்பைக் கெடுக்கும். டாக்டரிடம் போகும்போது இந்த மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எனக்கு இவை எதுவும் சிக்கவில்லை. "காரணம் இன்னும் தெரியல. பல பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியறதில்ல. அதுக்காக விட்டுட மாட்டோம், திரும்பத் திரும்பப் பார்ப்போம்" என்றார் அந்த நரம்பியல் மருத்துவர். அந்தத் "தெரியல" எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை "ஒன்றும் இல்லை" என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்குத்தான் புரியும்.

மனம் காரணமாகவே இருக்காது என்று நான் வாதாடவில்லை. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல்களும் வாயைச் சுற்றியும் நிஜமாகவே மரத்துப்போகும். நரம்பில் பழுது எதுவும் இல்லாமல் அதன் செயல்பாடு மட்டும் தடுமாறும் கோளாறும் உண்டு, அதுவும் நடிப்பு இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கவும் உடலைச் சோதித்துப் பார்க்கும் தனி அடையாளங்கள் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் எதுவும் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மனசின் மேல் பழி போடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

நாமும் போகும் முன் ஒன்று செய்யலாம். எந்த இடம் மரத்திருக்கிறது என்று ஒரு தாளில் உடம்பு வரைந்து நிழலடித்துக் கொண்டுபோங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் என்றால் முழங்கையைப் பார்க்க வேண்டும். தோலில் நிறம் வெளுத்த ஒரு திட்டு, அதில் மட்டும் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோய்க்குச் சோதிக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். கூட்டு மருந்தில் முழுசாகக் குணமாகிற நோய் அது, தாமதித்தால் போன உணர்ச்சி திரும்பாமல் போகலாம்.

சிலவற்றுக்கு இந்தப் படம் வரைகிற வேலையெல்லாம் கூடாது, நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். திடீரென்று ஒரு பக்கம் மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் பக்கவாதம். மூளை ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உட்காரும் இடமும் உள்தொடையும் மரத்துச் சிறுநீர் போக முடியாவிட்டால், முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். சில நாட்களுக்குள் காலிலிருந்து பலவீனம் மேலே மேலே ஏறினால் அது மூச்சுத் தசை வரைக்கும் போகக்கூடும்.

இதைப் படிக்கும் மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் "நார்மல்" என்று எழுதும் சீட்டில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: இந்தச் சோதனையில் எது இல்லை என்று தெரிந்தது, எது இன்னும் பார்க்கப்படவில்லை, எப்போது திரும்ப வர வேண்டும்.

இப்போது எனக்கு நரம்பு வலிக்கான டியூலாக்செடின் என்ற மருந்து ஓடுகிறது. எரிச்சல் பாதியாகக் குறைந்து ராத்திரித் தூக்கம் வருகிறது. மரத்துப்போனதை அது சரி செய்யாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். தூங்கும் முன் இரண்டு உள்ளங்காலையும் கண்ணாடியில் பார்க்கிறேன், தெரியாமல் பட்ட காயம் ஏதாவது இருக்கிறதா என்று. அடுத்த முறை சர்க்கரையையும் பி12-ஐயும் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்.